அகலமான பெட்டி

இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே உங்களுக்கு யாராவது பேய்க்கதை சொல்லியிருப்பார்கள். குளிர் அறைக்குள் தட்டும் சத்தம், தானாக எரிந்து அணையும் விளக்கு, மலர்வளையம் கேட்டு வந்துவிட்டுக் காணாமல் போன பெண். எல்லாவற்றையும் நானும் கேட்டிருக்கிறேன். புதிதாக வந்தவர்களை மிரட்டுவதற்காகச் சிலவற்றை நானே சொல்லியும் இருக்கிறேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், உண்மையைச் சொல்லலாம். கிள்ளானில் ஓர் இறுதிச் சடங்கு நிறுவனத்தில் வேலை பார்த்த இத்தனை வருடத்தில் செத்தவர் யாரும் எனக்கு ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. தொந்தரவெல்லாம் சொந்தக்காரர்களிடமிருந்துதான் வந்தது.

குளிப்பாட்டுவது, உடுத்துவது, வாயை மூடி முகத்தைச் சரிசெய்வது, இதெல்லாம் உங்கள் சீனியர்கள் சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. கைக்கு நன்றாகப் பழகிய ஒரு வேலையை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, செய்யாமல் விட வேண்டிய நேரம் ஒன்று வரலாம். எனக்கு ஒரே ஒரு தடவை வந்தது. அதற்குக் காரணமாக இருந்தவர் தேவநேசன்.

தேவநேசன் துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிப் போகும் லோரிகள் வைத்திருந்தவர். லோரியின் நெற்றியில் அவர் பெயர், கதவில் அவர் பெயர், பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் ரப்பரிலும் அவர் பெயர். நான் போகிற கிறிஸ்தவ சபைக்கு அவர்தான் செயர்மன். போதகர்கள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். இவர் மட்டும் மாறவில்லை. சபையில் காற்றாடி சுற்றினால் அதில் அவர் குடும்பத்தின் பெயரும் சேர்ந்து சுற்றும். தண்ணீர் குடிக்கப் போனால் குழாய்க்கு மேலே ஒரு பலகையில் அவர் பெயர் இருக்கும். முதல் வரிசையில் நடு இடம் அவருடையது. தெரியாமல் யாராவது அங்கே உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் போய் நிற்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர்கள் எழுந்திருக்கும்வரை நிற்பார்.

கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கஷ்டம் என்று போனவர்களை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஆனால் அவர் உதவினார் என்பது உதவி வாங்கினவருக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். அந்த வருடம் அவருக்குச் சுல்தான் கொடுக்கும் டத்தோ பட்டம் கிடைக்கப் போகிறது என்ற பேச்சு பலமாக இருந்தது. பட்டம் வரும் முன்பே சிலர் டத்தோ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் முதலாளியான தவுக்கே, கிள்ளான் சீனர், அப்போது பக்கத்து ஊரான மேருவில் புதிதாக ஓர் இறுதிச் சடங்கு மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். குளிர்சாதனம், பெரிய வாகன நிறுத்துமிடம், மேனேஜருக்குத் தனி அறை. அந்த அறை எனக்கு வேண்டும் என்று நான் மனதார ஆசைப்பட்டேன். கண்ணாடிக் கதவில் 'ஸ்டெல்லா' என்று என் பெயர் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நான் ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவள். தாழ்மையைப் பற்றிப் போதகர் பிரசங்கம் பண்ணினால், இது பக்கத்து வரிசைக்காரருக்கு என்று நினைத்துக்கொள்கிற ஆள். எங்கள் சபையின் சாவெல்லாம் தேவநேசன் சொல்கிற நிறுவனத்துக்குத்தான் போகும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் தவுக்கே கேட்பார். ஆகவே அவர் எங்கள் வாசலில் வந்து இறங்கினால் நான் ஓடிப் போய்க் கதவு திறப்பேன்.

ஒருநாள் தன் சொந்தச் சாவுக்கு முன்பதிவு செய்ய வந்தார். நம் தொழிலில் இது சாதாரணம்தான். நல்ல உடம்பு, நல்ல நிறம், சாவதற்கு ஓர் அவசரமும் இல்லாத ஆள். அது காட்டுத்தீயால் வரும் புகைமூட்டக் காலம். பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள், எல்லாரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். நடுப்பகலில் எதிர்க்கடை தெரியவில்லை. வெயில் இருந்தது, ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாமல் எல்லாப் பக்கமும் ஒரே மஞ்சளாக இருந்தது. பெட்டிகள் வைத்திருக்கிற கூடத்தில் விளக்கைப் போட்டேன். அப்படியும் மூலையில் இருந்த பெட்டிகள் சரியாகக் கண்ணுக்குப் படவில்லை.

அவருக்குக் காட்டுவதற்கென்றே ஒரு பெட்டி இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த வெண்கலநிறப் பெட்டி, உள்ளே வெள்ளைப் பட்டு மெத்தை. அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூடியில் பெயர் பொறிக்க இடம் இருக்கிறதா என்று பார்த்தார். பெயருக்கு முன்னால் இன்னொரு சொல்லுக்கும் இடம் விட வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சட்டென்று கேட்டார்.

"சிஸ்டர், ஒரு தடவ படுத்துப் பாக்கட்டா?"

"வேண்டாம்ணே. நல்லா இருக்காது."

"கார் வாங்குனா ஓட்டிப் பாக்குறோம்லா. இதுக்கு மட்டும் என்னவாம்."

சவ ஊர்தி ஓட்டுகிற குமார் அப்போது கூடத்தில் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் வாயைப் பொத்திக்கொண்டான். தேவநேசன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார், கைப்பேசி அதன் பைக்குள் இருந்தது. சப்பாத்தைக் கழற்றினார். குமாரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறிப் படுத்தார். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, "மூடுங்க, எப்படி இருக்குன்னு பாப்போம்" என்றார். நான் தலையசைத்தேன். குமார் மூடியை இறக்கினான். அது தானாகப் பூட்டிக்கொண்டது.

அந்த மாதிரிப் பெட்டியைத் திறக்கக் கால்மாட்டில் ஒரு சாவியைப் போட்டுத் திருக வேண்டும். அது எனக்குத் தெரியும். சாவி எங்கே என்பதுதான் தெரியவில்லை. வேறெந்தக் கடைக்காரரும் இந்தத் தவற்றைச் செய்யமாட்டார், நாங்கள்தான் செய்வோம். மூடிய பெட்டியை மறுபடி திறக்க வேண்டிய தேவை எங்களுக்கு வருவதே இல்லை. சாவியைப் பற்றி யார் நினைப்பது?

முதலில் அவர் மெதுவாகத் தட்டினார். பிறகு பலமாகத் தட்டினார். குமார் அலுவலக அறைக்கு ஓடினான். மேசை இழுப்பறைகளைத் தரையில் கொட்டுகிற சத்தம் கேட்டது. நான் மூடியில் வாயை வைத்து, "அண்ணே, பயப்படாதீங்க, சாவி வருது" என்று கத்தினேன். உள்ளே உதைத்தார், பெட்டியே ஆடியது. என் மண்டபம், என் கண்ணாடிக் கதவு எல்லாம் அந்தப் பெட்டிக்குள் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பதாகத்தான் எனக்கு முதலில் தோன்றியது. அவரைப் பற்றி அதற்கப்புறம்தான் தோன்றியது.

திடீரென்று தட்டுவது நின்றது.

செத்துவிட்டார் என்று நினைத்தேன். மூடியில் காதை வைத்தேன். உள்ளே அவர் பேசிக்கொண்டிருந்தார். என்னிடம் இல்லை. சபைக் கூட்டங்களில் நான் கேட்ட குரலும் இல்லை. அடங்கின குரல், பஸ்ஸில் முன்பின் தெரியாத பெரியவரிடம் பேசுவது போன்ற குரல். "போதுங்க, இவ்ளோ போதும்" என்றார். கொஞ்சம் கழித்து, "நீங்க நசுங்கிறாதீங்க" என்றார்.

குமார் சாவியோடு வந்து என் பக்கத்தில் நின்றான். அவனுக்கும் கேட்டது.

"அக்கா, யாருகிட்ட பேசுறாரு?"

"மொதல்ல மூடியத் தொற" என்றேன்.

மூடியைத் தூக்கினோம். தேவநேசன் கண் திறந்து, ஒரு பக்கமாக ஒண்டிப் படுத்திருந்தார். எங்களைத் திட்டுவார் என்று நின்றோம், திட்டவில்லை. கூடத்தின் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு ஒரு கையை ஊன்றி, பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பிவிடாமல் கட்டிலிலிருந்து இறங்குகிறவர் மாதிரி மெல்ல இறங்கினார். சப்பாத்து போட மறந்து வெறும் காலுறையோடு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பால் இல்லாத தே-ஓ கலக்கிக் கொடுத்தேன். கண்ணாடிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், அந்தப் பெட்டிய ஏற்கெனவே யாருக்காச்சும் கொடுத்துட்டீங்களா?"

"இல்லண்ணே. புதுசு. இப்பதான் வந்து எறங்குச்சு."

"உள்ள ஆள் இருந்தாரு."

குமார் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் போனதும் அவருக்கு எடம் பத்தல" என்றார் தேவநேசன். "நான் ஒதைக்கிறேன், கத்துறேன். அவரு ஒன்னுமே சொல்லல. கொஞ்சமா நகந்து படுத்தாரு. நான் இன்னும் ஒதச்சேன். இன்னும் நகந்தாரு. எனக்கு எடம் விட்டுக்கிட்டே இருந்தாரு, சிஸ்டர்."

"பயந்துட்டீங்கண்ணே. இருட்டு, காத்து வேற கம்மி."

"பயம் இல்ல" என்றார். குவளையைக் கீழே வைத்துவிட்டு, "வெக்கமா இருந்துச்சு" என்றார்.

அவர் போனபிறகு மெத்தையைத் தடவிச் சரிசெய்யக் குனிந்தேன். ஒரு பக்கம் அவர் படுத்த பள்ளம் இருந்தது. அந்தப் பெட்டியின் அகலம் எனக்குத் தெரியும். ஒரு பெரிய ஆள் படுத்தால் பக்கத்தில் ஒரு கைக்குழந்தையைக்கூட வைக்க முடியாது. மறுபக்கப் பட்டும் நீளமாகக் கசங்கி அமுங்கியிருந்தது. அவர் உதைத்ததில் கசங்கியிருக்கலாம். "பாக்காதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு குமார் மூடியை இறக்கினான். இந்தத் தடவை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இறக்கினான்.

அதற்கப்புறம் நடந்ததைச் சபையே பார்த்தது. தேவநேசன் செயர்மன் பதவியை விட்டார். பட்டத்துக்குத் தன் பெயரைச் சொல்லியிருந்தவர்களிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு சனிக்கிழமை ஏணி போட்டு ஏறி காற்றாடி, குழாய், பிரசங்க மேடை என்று எல்லாவற்றிலிருந்தும் தன் பெயரைச் சுரண்டி எடுத்தார். சுரண்டிய இடங்கள் இன்னும் வெள்ளை வெள்ளையாகத் தெரிகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். யாராவது வந்தால் நகர்ந்து இடம் விடுவார். இன்னொருவர் வந்தால் இன்னும் நகர்வார். பண்டிகை நாளில் கூட்டம் வந்தபோது நகர்ந்து நகர்ந்து பெஞ்சின் முனைக்கு வந்து, எழுந்து, சுவரோரம் நின்று, கடைசியில் வாசலுக்கு வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார். ஆராதனை முடியும்வரை அங்கேயே நின்று பாடினார். சனங்கள் சிரித்தார்கள். மூளை கலங்கிவிட்டது என்று சொன்னவர்களும் உண்டு.

அந்த ஆள் யார் என்று போதகர் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஆண்டவரா, பிரதர்?"

"கேக்கல, பாஸ்டர்" என்றார் தேவநேசன். "எடம் கொடுத்தவங்ககிட்ட பேரு கேப்பாங்களா?"

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. வேறொருவர் தனக்கென்று வெட்டி வைத்த இரவல் கல்லறையில் கிடத்தப்பட்ட ஒருவரைத்தான் நாங்கள் கும்பிடுகிறோம். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அதை எங்கள் கூடத்து மூலையில், அந்த மஞ்சள் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது உடம்பெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது.

சில மாதம் கழித்து அவர் மறுபடி என்னிடம் வந்தார். வெண்கலநிறப் பெட்டி வேண்டாம் என்றார். சாதாரணப் பலகையில், பூட்டு இல்லாமல், பெயர் இல்லாமல் ஒரு பெட்டி செய்ய வேண்டும். ஆனால் அகலமாக இருக்க வேண்டும்.

"எவ்ளோ அகலம்ணே?"

"ரெண்டு பேரு தாராளமா படுக்கணும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"என் பையன் ஒத்துக்கமாட்டான், சிஸ்டர். அவனுக்கு நான் இப்ப அவமானம். நீங்கதான் பாத்துக்கணும். நான் கேட்ட பெட்டியில என்னைய அனுப்புவேன்னு சொல்லுங்க."

"சொல்றேண்ணே" என்றேன். சொல்வதற்கு என்ன, அவர் இன்னும் வெகுகாலம் இருப்பார் என்று நினைத்தேன். செரி கெம்பாங்கானில் எங்களுக்குப் பெட்டி செய்து கொடுக்கிற பட்டறையில் சொல்லி அதைச் செய்ய வைத்தேன். அளவைக் கேட்டுப் பட்டறைக்காரர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். பெட்டி வந்து எங்கள் பின்கட்டில் சாத்தியிருந்தது. இடமே போதாத கட்டடம் அது. ஆனாலும் அந்தப் பெட்டிக்குள் யாரும் ஒரு பூச்சட்டியைக்கூட வைத்ததில்லை. வைக்க வேண்டாம் என்று நான் சொன்னதும் இல்லை.

அடுத்த புகைமூட்டம் வருவதற்குள் தேவநேசன் இறந்துவிட்டார். காலையில் பல் துலக்கப் போனவர் அப்படியே சரிந்துவிட்டாராம்.

மகன் ரூபன் வந்தார். லோரிக் கம்பெனி இப்போது அவர் கையில். கண் வீங்கியிருந்தது, ஆனால் பேச்சில் அவசரம் இருந்தது. சபையில் அப்பா கோமாளியாகிப் போனதை அவரால் தாங்க முடியவில்லை. இந்த ஒரு நாளாவது அப்பாவுக்கு மரியாதை திரும்ப வேண்டும் என்றார். சட்டமன்ற உறுப்பினர், ஒய்பி ஒருவர் வருகிறார், துறைமுகத்துப் பெரிய ஆட்கள் வருகிறார்கள், எல்லாம் முதல்தரமாக இருக்க வேண்டும். அந்த ஆசையை நான் தப்பு சொல்ல மாட்டேன். அப்பா மேல் பிரியம் இல்லாதவன் இதற்காகக் கஷ்டப்பட மாட்டான்.

நான் விஷயத்தைச் சொன்னேன். பின்கட்டுக்குக் கூட்டிப் போய்ப் பெட்டியைக் காட்டினேன். ரூபன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது என்ன ஆன்டி, சாமான் ஏத்துற பெட்டி மாதிரி. இதுல எங்க அப்பாவ வச்சு ஒய்பி முன்னாடி தொறப்பீங்களா?"

"அப்பா கேட்டது தம்பி. நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அப்பாவுக்குக் கடைசில மூள சரியில்ல. உங்களுக்கே தெரியும்."

அவர் தவுக்கேயிடம் போனார். தவுக்கே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் வழக்கமான மலாயில், சத்தம் போடாமல் பேசினார். குடும்பம் கேட்பதைக் கொடு, அதுதான் நம் தொழில். இன்றைக்கு வருகிற கூட்டம் நம் வேலையைப் பார்க்கும். இதை நன்றாகச் செய், மேரு உனக்குத்தான். இவ்வளவுதான் சொன்னார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சட்டப்படி பார்த்தாலும் முடிவு மகனுடையது. செத்தவரின் ஆசைக்கு எங்கள் கவுண்டரில் கையெழுத்து போட ஆள் கிடையாது.

எனக்கு மேரு வேண்டும். வாக்கையும் காப்பாற்ற வேண்டும். கடைசியில் எனக்குத் தோன்றியதைச் செய்தேன். அதைப் புத்திசாலித்தனம் என்றும் சொல்லலாம், கிறுக்குத்தனம் என்றும் சொல்லலாம். ரூபனைக் கூடத்துக்குக் கூட்டிப் போனேன். அந்த வெண்கலநிறப் பெட்டி அதே மூலையில் இருந்தது. பலர் விலை கேட்டார்கள், பக்கத்தில் போய் நின்றார்கள், ஏனோ யாரும் எடுக்கவில்லை. மூடியைத் திறந்து வைத்தேன்.

"இதையே கொடுக்குறேன், தம்பி. அப்பா இதுல ஒரு தடவ படுத்தாரு. அதுக்கப்புறம்தான் அவரு மாறுனாரு. நீங்களும் ஒரு தடவ படுத்துப் பாருங்க. எந்திரிச்சு வந்து, இதான் வேணும்னு சொன்னா இதுலயே வைக்கிறேன்."

"ஆன்டி, வெளையாடாதீங்க."

"படுக்க வேண்டாம். கையையாவது வச்சுப் பாருங்க."

கோபத்தில்தான் கையை உள்ளே வைத்தார். பட்டின் மேல் உள்ளங்கையை ஊன்றி, நாலு பக்கமும் பார்த்தார். அப்புறம் அவர் முகம் மாறியது. கையைச் சடாரென்று எடுக்கவில்லை. மெதுவாக, யாருடைய கைமேலோ தெரியாமல் வைத்துவிட்ட கையை எடுப்பது போல எடுத்தார். அந்தக் கையை மற்றக் கையால் மூடிக்கொண்டார்.

என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வாசல் வரைக்கும் நடந்து போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "பலகைப் பெட்டியே இருக்கட்டும்" என்றார்.

அப்பாடா என்றிருந்தது. ஒரு வழியாக வாக்கும் நிற்கும், மேருவும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். பெட்டி சாதாரணமாக இருந்தால் என்ன, வேலை சுத்தமாக இருந்தால் போதும், தவுக்கே அதைத்தான் பார்ப்பார். தேவநேசனை நானே உடுத்தினேன். வெள்ளைச் சட்டை, கருப்பு கோட்டு, கையில் ஒரு சின்ன மரச்சிலுவை. அகலப் பெட்டியில் உடம்பு புரளும் என்பதால், ஒரே தலையணையின் நடுவில் தலையை வைத்து, இரண்டு பக்கமும் துணியைச் சுருட்டி இறுக்கமாக அடைத்தேன். என் கை வேலையைப் பற்றி நானே பெருமை பேசக்கூடாது, ஆனால் அந்த உடம்பு அசைவதற்கு வழியே கிடையாது. குமார் சவ ஊர்தியை நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினான்.

சபை நிறைந்திருந்தது. மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்ததால் பகலிலேயே எல்லா விளக்கும் எரிந்தன. பெட்டியைத் தூக்கியவர்கள் பாதி வழியில் நின்று கை மாற்றினார்கள். பலகைப் பெட்டிதானே, இவ்வளவு கனமா என்று ஒருவர் முணுமுணுத்தார். முன்னால் வைத்தார்கள். ஒய்பி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தவுக்கே பக்கவாட்டில் தூணோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வைக்குத் திறக்கலாம் என்று போதகர் சைகை காட்டினார். நான் மூடியைத் தூக்கினேன்.

தேவநேசன் ஒரு பக்கமாகப் படுத்திருந்தார்.

புரண்டு கிடக்கவில்லை. நன்றாகக் கவனியுங்கள், புரண்டு கிடந்த உடம்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கோட்டு கசங்கியிருக்கும், கழுத்து திரும்பியிருக்கும், கை விலகியிருக்கும். இவர் கட்டிய கையோடு, பிடித்த சிலுவையோடு, நான் வைத்தபடி நேராகப் படுத்திருந்தார். ஆனால் இடது பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துத் துணிச்சுருள் அப்பளம் மாதிரி தட்டையாக நசுங்கியிருந்தது. தலை தலையணையின் ஓரத்தில் இருந்தது. மீதித் தலையணையும் பெட்டியின் மறுபாதியும் காலியாகக் கிடந்தன.

குமார் என் காதருகே, "ரோட்டுல ஒரு லோபாங், அக்கா. அதுல எறங்கியிருக்கும்" என்றான். குழியில் இறங்கிய சக்கரத்தின் மேல் பழியைப் போட அவன் தவிப்பது குரலில் தெரிந்தது.

ரூபன் பக்கத்தில் வந்து நின்றார். பெட்டிக்குள் பார்த்துவிட்டு, கூட்டத்தையும் ஒய்பியையும் பார்த்தார். வெட்கமும் பயமுமாக முகம் சிவந்திருந்தது.

"ஆன்டி, அப்பாவ நடுவுல வைங்க. எல்லாரும் பாக்குறாங்க."

அது ஒரு கண் சிமிட்டும் நேரத்து வேலை. தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை, ஓர் இழுப்பு. எத்தனை ஆயிரம் பேரை அப்படி நேராக்கியிருப்பேன். தவுக்கே தூணிலிருந்து ஓர் அடி முன்னால் வந்தார். அவர் கண்ணில் 'சீக்கிரம்' என்று இருந்தது. நான் குனிந்து இரண்டு கையையும் உள்ளே விட்டேன்.

இழுத்திருப்பேன். அவர் உடம்பு குளிர்ந்து கனமாக, எல்லா உடம்பையும் போலத்தான் இருந்தது. ஆனால் அவரை இழுக்க வேண்டுமென்றால் என் முழங்கையை அந்தக் காலி இடத்தில் ஊன்ற வேண்டும். ஊன்றப் போனேன். ஊன்ற முடியவில்லை. ஏதோ தடுத்தது என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொன்னால் பொய். நிறைந்த பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரின் மடியில் யாரும் முழங்கையை வைக்க மாட்டோம் இல்லையா, அந்தக் கூச்சம்தான் வந்தது. பயமும் இருந்தது. பயத்தைவிட அந்தக் கூச்சம் பெரிதாக இருந்தது. இந்த மனிதர் இதை மட்டும்தான் கேட்டார், அதையும் நான் கெடுக்கப் பார்க்கிறேனே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இருக்கட்டும், தம்பி" என்றேன். "அப்பா சௌகரியமாத்தான் இருக்காரு."

கைகளை வெளியே எடுத்தேன். ரூபன் என்னைப் பார்த்தார். அந்தக் காலிப் பாதியைப் பார்த்தார். தன் வலக்கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டார், அன்றைக்குக் கூடத்தில் செய்தது போலவே. பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி ஆன்டி" என்று சொல்லிவிட்டுப் பெட்டியின் தலைமாட்டில் போய் நின்றார். அஞ்சலி செலுத்த வந்த யாரையும் அவர் அந்தக் காலிப் பக்கத்தின் மேல் மாலை வைக்க விடவில்லை. ஒய்பி கொண்டு வந்த பெரிய மலர்வளையத்தையும் தானே வாங்கிக் கீழே தரையில் வைத்தார்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது தவுக்கே என்னிடம் வந்தார். இத்தனை வருட அனுபவக்காரி, பெரிய மனிதர்கள் முன்னால் ஒரு பிரேதத்தை நேராக வைக்கத் தெரியாமல் போயிற்றா என்று கேட்டார். கோபம் என்பதைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. ரோட்டில் குழி என்று சொல்லியிருக்கலாம். குமார் அதைச் சொல்லத் தயாராகப் பக்கத்திலேயே நின்றான். அப்படிச் சொல்லியிருந்தால் மேரு என் கையில் இருந்திருக்கும்.

"அந்தப் பக்கம் காலியாக இல்லை, போஸ்" என்று மலாயில் சொன்னேன்.

அவர் காரில் ஏறிப் போய்விட்டார். அடுத்த மாதம் மேரு மண்டபத்துக்கு வேறோர் ஆளைப் போட்டார். அவர் செய்தது சரிதான். காலிப் பாதியில் ஆள் இருக்கிறது என்று சொல்கிறவளை நம்பி ஒரு மண்டபத்தை யார் ஒப்படைப்பார்கள்? அந்தச் செய்தி வந்த அன்று, எங்கேயாவது வருத்தம் இருக்கும் என்று மனதுக்குள் தேடிப் பார்த்தேன். அத்தனை வருடம் ஏங்கிய நாற்காலி அல்லவா. தேடிக்கொண்டே இருந்தேன், கிடைக்கவில்லை. அதற்குள் ஒரு சாவுக்கு ஜெஞ்சாரோமிலிருந்து போன் வந்துவிட்டது, குமாரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.